மேக்ரோவில் மஞ்சள் கேட்டால் கறுப்பு வருவது ஏன்? எக்ஸெல் செல்லுக்கு நிறம் கொடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆரஞ்சு வேண்டும் என்று எழுதிய மேக்ரோ (எக்ஸெல் செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதிக் கொடுக்கும் சின்ன நிரல்) செல்லை நீலமாக்குகிறது. மஞ்சள் கேட்டால் கறுப்பு வருகிறது. நிறத்தையே எடுத்துவிடு என்றால் வெளிர்நீலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸெலில் மேக்ரோ எழுதத் தொடங்கிய பலரும் இந்த மூன்றில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். மூன்றுமே எக்ஸெலின் கோளாறு அல்ல. ஒரு செல்லுக்கு நிறம் கொடுக்க எக்ஸெலில் பல வழிகள் இருக்கின்றன. ஒரு வழிக்கு உரிய எண்ணை இன்னொரு வழியில் கொடுத்தாலும் பெரும்பாலும் அது மறுக்காமல் வாங்கிக்கொண்டு, தனக்குப் புரிந்த நிறத்தைப் பூசிவிடும்.

முக்கியமான வழிகள் ஐந்து: கலர்இன்டெக்ஸ், கலர், தீம்கலர், செல் ஸ்டைல், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நாம் வைத்த விதிப்படி எக்ஸெலே நிறம் காட்டுவது). எதை எப்போது எடுப்பது என்று முடிவுசெய்ய ஒரு சாதாரண ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பாக்கிப் பட்டியல். வரிக்கு ஒரு பில்: பில் எண், தேதி, தொகை, வந்த பணம். பணம் முழுவதும் வந்துவிட்டால் பச்சை, வராவிட்டால் மஞ்சள், 30 நாள் தாண்டிவிட்டால் சிவப்பு. தினமும் காலையில் கணக்குப் பார்ப்பவர் ஒரு பட்டனை அழுத்துவார். மேக்ரோ ஓடி நிறம் பூசும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலில் மேக்ரோ நிறமே பூசக் கூடாது. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், இப்போது கண்ணில் படும் தப்பான நிறம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பூசியது யார்?

சந்தேகமான செல்லில் கர்சரை வையுங்கள். ஆல்ட் எஃப்11 அழுத்தி மேக்ரோ எழுதும் எடிட்டருக்குப் போய், கண்ட்ரோல் ஜி அழுத்தினால் இம்மீடியட் விண்டோ திறக்கும். அதில் கேள்விக்குறி போட்டு ஆக்டிவ்செல்.இன்டீரியர்.கலர் என்று கேளுங்கள். ஓர் எண் வரும். அடுத்து ஆக்டிவ்செல்.டிஸ்ப்ளேஃபார்மேட்.இன்டீரியர்.கலர் என்று கேளுங்கள். இன்னோர் எண் வரும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த நிறம் செல்லிலேயே நேராகப் பூசப்பட்டது. மேக்ரோவோ மனிதரோ பூசியிருக்கிறார்கள். வேறாக இருந்தால், செல்லின் சொந்த நிறம் ஒன்று, அதன்மேல் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கோ டேபிள் ஸ்டைலோ போர்த்திய நிறம் இன்னொன்று. வெறும் இன்டீரியர்.கலர், மேலே போர்த்தியிருப்பதைப் பார்க்கவே பார்க்காது. திரையில் சிவப்பாக இருக்கும் செல்லை மேக்ரோ வெள்ளை என்று சொல்வதும், மேக்ரோ பச்சை பூசிய பிறகும் செல் சிவப்பாகவே நிற்பதும் இதனால்தான். டிஸ்ப்ளேஃபார்மேட் எக்ஸெல் 2010-இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்து மேக்ரோ எதிலும் அது இருக்காது. ஷீட்டின் செல்லில் ஃபார்முலா போல எழுதும் சொந்த ஃபங்ஷனுக்குள்ளும் அது வேலை செய்யாது. வேல்யூ எரர் காட்டும்.

எண்ணைப் படிக்கும் முறை இதுதான்: சிவப்பு அளவு, அதனுடன் பச்சை அளவை 256-ஆல் பெருக்கியது, அதனுடன் நீல அளவை 65536-ஆல் பெருக்கியது. ஆகவே 255 என்றால் முழுச் சிவப்பு, 65280 பச்சை, 16711680 நீலம், 65535 மஞ்சள். 16777215 வந்தால் வெள்ளை, அல்லது நிறமே பூசாத செல். அந்த இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். வெள்ளை பூசிய செல்லில் கட்டக்கோடு மறைந்துபோகும் என்பதால், கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. நேற்றைய நிறம் இன்றும் நிற்பது. பாக்கி என்றால் சிவப்பு பூசு என்று மேக்ரோவில் இருக்கும். பாக்கி தீர்ந்துவிட்டால் சிவப்பை எடு என்ற வரி இருக்காது. நிறம் தப்பாக வந்தது என்று தோன்றும், ஆனால் அது போகாமல் நிற்கிற நிறம். மேக்ரோ ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு முன் அந்தப் பகுதி முழுவதையும் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஷீட் பெயர் சொல்லாமல் வெறும் ரேஞ்ச் என்று எழுதிவிட்டு, அப்போது எந்த ஷீட் திறந்திருக்கிறதோ அதில் பூசிவிடுவது இதற்குத் தம்பி.

கலர்இன்டெக்ஸ்: பழைய 56

எக்ஸெல் 2003 வரை ஓர் ஒர்க்புக்குக்கு, அதாவது ஓர் எக்ஸெல் ஃபைலுக்கு, 56 நிறம்தான். 3 சிவப்பு, 4 பச்சை, 5 நீலம், 6 மஞ்சள் என்று எண்கள் சின்னதாக, மனதில் நிற்பதாக இருக்கும். பழைய மேக்ரோக்களிலும், அவற்றைப் பார்த்து எழுதிய புதியவற்றிலும் இன்றும் இதுதான் நிறைய.

இதன் சிக்கல், அந்த 56 நிறப் பலகை எக்ஸெலுக்குச் சொந்தமானது அல்ல, அந்தந்த ஒர்க்புக்குக்குச் சொந்தம். யாராவது தங்கள் நிறுவன லோகோவுக்குப் பொருந்தும்படி 3-ஆம் இடத்தில் செங்கல் நிறத்தை வைத்திருந்தால், உங்கள் மேக்ரோவின் 3 அந்த ஃபைலில் செங்கல் நிறமாகத்தான் வரும். மேக்ரோவின் கோடில், அதாவது எழுதிய வரிகளில், ஒரு தப்பும் கிடைக்காது, ஏனென்றால் தப்பு கோடில் இல்லை. மேக்ரோ ஒரு ஃபைலில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் ஓடினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படிக்கும்போது இன்னும் மோசம். இன்றைய எக்ஸெலில் நீங்கள் எந்த நிறத்தைப் பூசியிருந்தாலும், கலர்இன்டெக்ஸைக் கேட்டால் 56-இல் நெருங்கிய ஒன்றின் எண்ணைத்தான் தரும். கண்ணுக்கு வேறாகத் தெரியும் இரண்டு பச்சைகளுக்கு ஒரே எண் வரலாம். நிறத்தை வைத்துக் கூட்டல் போடும் மேக்ரோக்களின் கணக்கு உதைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கலர்இன்டெக்ஸை விடக் கூடாது: நிறத்தை நீக்குவதற்கு. கலர்இன்டெக்ஸுக்கு எக்ஸ்எல்நன் என்று கொடுத்தால் செல் சுத்தமாகிவிடும். அந்த எக்ஸ்எல்நன் என்பதன் உண்மையான மதிப்பு -4142. அதையே கலருக்குக் கொடுத்தால், எக்ஸெல் அதை ஒரு நிற எண்ணாகப் பிரித்துப் படிக்கும்: சிவப்பு 210, பச்சை 239, நீலம் 255. தொடக்கத்தில் சொன்ன வெளிர்நீலம் இதுதான். அதுபோல 6 என்ற எண்ணைக் கலர்இன்டெக்ஸுக்குப் பதிலாகக் கலருக்குக் கொடுத்தால், சிவப்பு 6, மற்ற இரண்டும் 0. திரையில் அது கறுப்புதான். மாற்றிக் கொடுத்தால், அதாவது கலர்இன்டெக்ஸுக்கு 255 கொடுத்தால், எரர் வந்து நின்றுவிடும். அது பரவாயில்லை, நிற்கிற மேக்ரோவைத் திருத்திவிடலாம், ஓடிக்கொண்டே தப்பு செய்வதைத்தான் பிடிப்பது கஷ்டம்.

கலர்: நேரடி எண்

மேக்ரோவே நிறம் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு இது. எந்த ஒர்க்புக்கிலும் எந்தத் தீமிலும் (ஃபைலின் நிறத் தொகுப்பிலும்) அதே நிறம் வரும். எக்ஸெல் 2007 முதல் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் இதில் கிடைக்கும்.

ஆனால் எண்ணை நேராக எழுதாதீர்கள். சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் ஆர்ஜிபி ஃபங்ஷன் வழியாகவே எழுதுங்கள். காரணம், எக்ஸெல் மேக்ரோவின் எண்ணில் சிவப்பு கடைசியில் இருக்கிறது, இணையத்தில் புழங்கும் ஆறெழுத்து ஹெக்ஸ் எண்ணில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) சிவப்பு முதலில் இருக்கிறது. டிசைன் செய்பவர் ஆரஞ்சுக்கு எஃப்எஃப்9900 என்று கொடுப்பார். அதை அப்படியே ஹெக்ஸ் குறியுடன் மேக்ரோவில் ஒட்டினால், எக்ஸெல் அதைச் சிவப்பு 0, பச்சை 153, நீலம் 255 என்று படித்து வான நீலத்தைப் பூசும். ஆர்ஜிபி(255, 153, 0) என்று எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. சிவப்பும் நீலமும் இடம் மாறியது போல் ஒரு நிறம் தெரிந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

ஹெக்ஸிலேயே எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இன்னொரு குழியும் உண்டு. எஃப்எஃப்00 போல நான்கு எழுத்து ஹெக்ஸ் எண்ணின் கடைசியில் ஆம்பர்சண்ட் (&) குறி போடாவிட்டால், மேக்ரோ மொழியான விபிஏ அதைச் சின்ன இன்டிஜராக (சிறிய முழு எண்ணாக) எடுத்து -256 ஆக்கிவிடும். நீங்கள் நினைத்தது 65280, பச்சை. நாம் செய்வதைப் பார்த்துத் தானே மேக்ரோ எழுதும் மேக்ரோ ரெக்கார்டரும் எழுத்து நிறம் சிவப்பை -16776961 என்று பதிவுசெய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து யாருக்கும் சிவப்பு என்று புரியப்போவதில்லை. ரெக்கார்டர் எழுதியதை அப்படியே விட்டுவைக்காமல் ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுவது நல்லது.

தீம்கலர்

தீமை மாற்றினால் ஃபைல் முழுவதும் நிறம் மாற வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அறிக்கை, டாஷ்போர்டு போன்றவற்றுக்கு அழகு. பாக்கிப் பட்டியலுக்கு ஆபத்து, ஏனென்றால் அங்கே நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அது தீமோடு சேர்ந்து மாறக் கூடாது.

ஆக்சென்ட்1 என்ற ஒரே பெயர் எக்ஸெல் 2007-இன் இயல்பு தீமில் 79, 129, 189. எக்ஸெல் 2016-இல் 68, 114, 196. 2023-இல் மைக்ரோசாஃப்ட் இயல்பு தீமை மாற்றி, கலிப்ரி எழுத்துக்குப் பதில் ஆப்டோஸைக் கொண்டுவந்தபோது அது 21, 96, 130 ஆனது. நீலமே போய்க் கருநீலப்பச்சை ஆகிவிட்டது. பழைய ஃபைல் தன் பழைய தீமை வைத்துக்கொள்ளும், மேக்ரோ புதிதாகத் திறக்கும் ஒர்க்புக் புதிய தீமை எடுத்துக்கொள்ளும். பழையதிலிருந்து புதியதற்கு வரிகளை எடுத்துப்போகும் மேக்ரோ, நிறம் மாறிவிட்டது என்ற புகாரைக் கட்டாயம் கொண்டுவரும்.

பெயர்களிலும் ஒரு விசித்திரம். எக்ஸ்எல்தீம்கலர்டார்க்1 என்று கொடுத்தால் வழக்கமான தீமில் வருவது வெள்ளை. லைட்1 கொடுத்தால் கறுப்பு. ரெக்கார்டரை ஓடவிட்டு, வெள்ளைக்குக் கீழே இரண்டாவதாக இருக்கும் சாம்பல் நிறத்தைப் பூசினால், டார்க்1 என்றும், டின்ட்அண்ட்ஷேட் -0.149998474074526 என்றும் எழுதும். அதாவது வெள்ளை, 15 சதவீதம் இருட்டாக. கோடைப் படித்து நிறத்தை ஊகிக்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

செல் ஸ்டைல்

பலரும் கண்டுகொள்ளாத வழி. ஹோம் டேபில் இருக்கும் குட், பேட், நியூட்ரல் மூன்றும் நம் பட்டியலின் பச்சை, சிவப்பு, மஞ்சளுக்கு அப்படியே பொருந்தும். பின்னணி மட்டுமின்றி எழுத்து நிறத்தையும் சேர்த்துப் பொருத்திக் கொடுப்பதால் படிக்கவும் நன்றாக இருக்கும். மேக்ரோவில் ஒரே வரி. நாளைக்கு முதலாளி வேறு சிவப்பு கேட்டால் ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் ஃபைல் முழுவதும் மாறிவிடும். மேக்ரோவைத் தொடவே வேண்டாம்.

நீங்களே புதிதாக ஸ்டைல் உருவாக்கும்போது மட்டும் கவனம். அதில் எண் வடிவம், அலைன்மென்ட், எழுத்து, பார்டர், நிறம், பாதுகாப்பு என்று ஆறும் டிக் ஆகியிருக்கும். நிறத்தையும் எழுத்தையும் தவிர மற்றவற்றின் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்டைல் பட்ட இடமெல்லாம் தேதி எண்ணாகிவிடும். நிறத்தைத் துடைக்க நார்மல் ஸ்டைல் கொடுப்பவர்களுக்கும் இதே கதைதான்: 2024 ஜனவரி 1 என்று இருந்த செல் 45292 என்று நிற்கும்.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங்

இனி என் விடைக்கு வருகிறேன். பாக்கிப் பட்டியலில் நிறம் என்பது தொகையிலிருந்தும் தேதியிலிருந்தும் தானாக வர வேண்டியது. வந்த பணம் பில் தொகைக்குச் சமமா, இன்றைய தேதிக்கும் பில் தேதிக்கும் 30 நாளுக்கு மேல் இடைவெளியா என்ற இரண்டு கேள்விகள்தான். இதற்கு மூன்று விதிகள் போதும். யாரும் பட்டன் அழுத்த மறந்தாலும் நிறம் சரியாக இருக்கும். பில்லில் எதையும் தொடாமலேயே 31-ஆவது நாள் பிறந்ததும் வரி சிவப்பாகிவிடும். மேக்ரோவில் இதைச் செய்யப் பார்த்து, ஒர்க்‌ஷீட்_சேஞ்ச் நிகழ்வில் எழுதுபவர்கள் உண்டு. செல்லில் எதையாவது எழுதினாலோ ஒட்டினாலோதான் அது ஓடும். ஃபார்முலாவின் விடை தானாக மாறினால் ஓடாது. தேதி மாறியதால் வர வேண்டிய சிவப்பு வராமல் போவது இதனால்தான்.

இன்னொரு லாபம், மேக்ரோ ஓடினால் எக்ஸெலின் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். 2,000 வரிக்குத் தப்பான நிறம் பூசிவிட்டால் கண்ட்ரோல் இசட் உதவாது. கண்டிஷனல் விதி தப்பென்றால் விதியை மாற்றினால் போதும், செல்லின் சொந்த நிறம் அடியில் அப்படியே இருக்கும்.

எக்ஸெல் 2003-இல் ஒரு செல்லுக்கு மூன்று விதிதான் வைக்க முடியும். அதற்கு மேல் வேண்டியவர்கள் மேக்ரோவுக்குப் போனார்கள். 2007-இல் அந்த வரம்பு போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஷீட்டுக்குள் வரிகளைக் காப்பி செய்து ஒட்ட ஒட்ட விதிகள் துண்டு துண்டாகப் பெருகும். மூன்று விதி வைத்த ஷீட்டில் சில மாதம் கழித்து மேனேஜ் ரூல்ஸைத் திறந்தால், நீளமான பட்டியல் இருக்கும். சில வரிகள் எந்த விதிக்கும் உட்படாமல் விடுபட்டிருக்கும். மேக்ரோவுக்கு இங்கேதான் உண்மையான வேலை: நிறம் பூசுவது அல்ல, பழைய விதிகளை அழித்துவிட்டு மூன்றையும் முழுப் பகுதிக்கும் புதிதாகப் போட்டுத் தருவது. அப்படி எழுதும்போது இரண்டு விஷயம். முதலில் ஃபார்மேட்கண்டிஷன்ஸ்.டிலீட் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் விதிகள் மேல் விதிகளாகச் சேரும். இரண்டாவது, ஃபார்முலாவில் டாலர் குறியில்லாத செல் முகவரி இருந்தால், எக்ஸெல் அதை அப்போது கர்சர் இருக்கும் செல்லிலிருந்து கணக்கிடும். கர்சர் 10-ஆவது வரியில் இருக்க, 2-ஆவது வரிக்கான ஃபார்முலாவைக் கொடுத்தால், நிறம் எட்டு வரி தள்ளி விழும். சில நாள் சரியாகவும் சில நாள் தப்பாகவும் நிறம் காட்டும் மேக்ரோக்களில் இதைத் தேடிப் பாருங்கள். விதி போடும் பகுதியின் முதல் செல்லை முதலில் செலக்ட் செய்துவிட்டால் தீர்ந்தது.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங்குக்குப் பொருந்தாத வேலையும் உண்டு. மனிதர் பார்த்து முடிவெடுத்த குறிகள், எடுத்துக்காட்டாக, "இந்தப் பில்லில் தகராறு இருக்கிறது" என்பதை எந்தத் தொகையிலிருந்தும் கணக்கிட முடியாது. அதற்குப் பக்கத்தில் "நிலை" என்று ஒரு காலம் (நெடுவரிசை) வைத்து, தகராறு என்று எழுதச் சொல்லுங்கள். நிறம் அந்த எழுத்தைப் பார்த்து வரட்டும். எண்ணிக்கை வேண்டுமா, அந்தக் காலத்தில் கவுன்ட்இஃப் போடலாம். நிறத்தை வைத்துக் கணக்குப் போடுவதோ எப்போதும் வம்பு: செல்லின் நிறத்தை மாற்றினால் எக்ஸெல் மறுகணக்கு போடாது, எனவே பழைய கூட்டுத்தொகையே நிற்கும்.

வேறு மென்பொருளுக்குப் போனால்

லிப்ரெஆஃபிஸ் கால்க்கின் மேக்ரோ மொழியான பேசிக்கில் வரிசை தலைகீழ். அங்கே சிவப்புதான் 65536-ஆல் பெருக்கப்படும். 255 என்ற எண்ணை, செல்லின் பின்னணி நிறத்துக்கு அங்கே உள்ள பெயரான செல்பேக்கலருக்குக் கொடுத்தால் நீலம் வரும். நிறத்தை நீக்க -1. எக்ஸெலிலிருந்து எண்களாக எழுதிய மேக்ரோவைக் கொண்டுபோனால் சிவப்பும் நீலமும் இடம் மாறும். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை, இணையத்து ஹெக்ஸ் எழுத்தையே அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் செல்லின் நிறத்தைக் கேட்கும் கெட்பேக்கிரவுண்ட் அங்கேயும் கண்டிஷனல் நிறத்தைப் பார்க்காது.

ஏற்கெனவே கையால் பூசிய ஷீட் என்றால்

முதலில் ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு காலி காலம் சேர்த்து, ஒவ்வொரு வரியின் டிஸ்ப்ளேஃபார்மேட் நிற எண்ணையும் அதில் எழுதும் சின்ன மேக்ரோ ஒன்றை ஓட்டுங்கள். அந்தக் காலத்தை ஃபில்டர் போட்டுப் பார்த்தால், பச்சை என்று நினைத்தது மூன்று நான்கு பச்சைகளாக இருப்பது தெரியும். ஆளுக்கு ஒரு பச்சையைப் பூசியிருப்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே வந்தது, பாக்கி, தகராறு என்று எழுத்தில் மாற்றுங்கள். நடுவில் யாருக்கும் அர்த்தம் தெரியாத ஓர் ஆரஞ்சோ ஊதாவோ நிச்சயம் இருக்கும். அதை ஷீட்டைப் பார்த்துவந்தவரிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பழைய பூச்சைத் துடைக்க வேண்டும்.